அழித்த கேசட்டும் ரஷ் குழுவும்: இரண்டாம் முறை கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1994-இல் அடையாறு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தேன். என் அறைத் தோழன் திருச்சிக்காரன். டொரன்டோவில் இருந்த அவனுடைய பெரியப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கேசட் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ரஷ் என்ற கனடா நாட்டு ராக் குழு. "முழுசா கேட்டுட்டுச் சொல்லுடா" என்று அதை என்னிடம் நீட்டினான்.

முழுசாகக் கேட்கவில்லை. முதல் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, இருபது நிமிடம். கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டவர் மாதிரி ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தினேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு ஓட்டைகளையும் செல்லோடேப் ஒட்டி மூடி, அதன் மேலேயே சினிமாப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டேன். அவன் திருப்பிக் கேட்டபோது, "டேப் சிக்கிக்கிச்சுடா, தூக்கிப் போட்டுட்டேன்" என்று ஒரு பொய்.

அப்புறம் இருபத்தாறு வருடங்கள் ரஷ் என்ற பெயரைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்குகிற ஆளாகத்தான் இருந்தேன். 2020 ஜனவரியில், அந்தக் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் மூளைப் புற்றுநோயால் தம் 67-ஆவது வயதில் இறந்த செய்தி வந்தது. மயிலாப்பூரில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். செய்தியோடு ஒரு பாட்டும் இருந்தது, போட்டேன். உள்ளறையில் மிருதங்கம் சாதகம் செய்துகொண்டிருந்த அக்கா மகன் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். தொடையில் தட்டிப் பார்த்தான். "மாமா, இது அஞ்சு அஞ்சா வருது. யாரு இவங்க?"

யாரென்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கத் தொடங்கினேன். என்னைப் போலவே ஒரு காலத்தில் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று ஒதுக்கிவிட்டு, இப்போது லேசாகச் சந்தேகம் வந்திருப்பவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிப் போன வழியைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

முதல் வேலை: புகாரை எழுதுங்கள்

பாட்டைப் போடுவதற்கு முன்பு, ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். "பிடிக்கல" என்று எழுதினால் பிரயோஜனமில்லை, காரணம் வேண்டும். நான் எழுதியது மூன்று: குரல் கீச்சென்றிருக்கிறது, பாட்டு முடியவே மாட்டேன் என்கிறது, சும்மா வித்தை காட்டுகிறார்கள்.

எழுதிப் பார்த்தபோது மூன்றாவது புகாரைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கி, ஸ்வரம் பாடுகிறவர் ஒரு கணக்கைச் சுற்றிக்கொண்டு வந்து தாளத்தின் முதல் தட்டான சமத்தில் சரியாக விழும்போது "ஆஹா" என்று தொடையில் தட்டுகிற ஆசாமி நான். டொரன்டோக்காரர்கள் அதைச் செய்தால் மட்டும் வித்தையா? ஆக, அந்தப் புகாரை அடித்துவிட்டேன். இரண்டாவதற்கு எளிய தீர்வு உண்டு, நீளமான பாட்டுகளை இப்போதைக்குத் தொடாமல் இருந்தால் போதும். குரல் பற்றிய புகார்தான் உண்மையானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யார் யார், எத்தனை பேர்

சுருக்கமாக. 1968-இல் தொடங்கிய குழு. கெடி லீ, அலெக்ஸ் லைஃப்சன் இருவரும் டொரன்டோவின் புறநகரான வில்லோடேலில் வளர்ந்த பள்ளித் தோழர்கள். லீ கனத்த ஒலி தரும் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவார், லைஃப்சன் கிதார். 1974-இல் முதல் ஆல்பம் வந்த கையோடு பழைய டிரம்மர் விலக, நீல் பியர்ட் சேர்ந்தார். பாடல் வரிகளில் பெரும்பாலானவை பியர்ட் எழுதியவை. அதற்குப் பிறகு 2015-இல் மேடையை விட்டு இறங்கும் வரை அதே மூன்று பேர்தான்.

மூன்றே பேர் என்பதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். கேட்கிற ஒலிக்கு ஆறு பேராவது வேண்டும் போலிருக்கும். லீ கையால் பேஸ் வாசித்து, வாயால் பாடி, இடையில் கீபோர்டுக்குத் தாவி, காலால் வேறு பெடல்களை மிதித்து அடித்தள ஸ்வரங்களைக் கொடுப்பார். நம் ஊரில் ஒரே ஆள் தவில், ஒத்து, நாகஸ்வரம் மூன்றையும் பார்த்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி.

நல்ல இயர்போன்

தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்தக் குழுவில் பாதிச் சமாச்சாரம் பேஸ் கிதாரில் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அது காணாமல் போய், குரலும் தட்டு ஓசையும் மட்டும் மிஞ்சும். அதாவது நீங்கள் எழுதிவைத்த புகார் மட்டும் மிஞ்சும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ரிச்சி தெருவில் வயர் வைத்த சுமாரான இயர்போன் ஒன்று வாங்கினாலே போதும். கடையிலேயே மாட்டிப் பார்த்து, அடித்தள ஒலி தனியாகப் பிரிந்து கேட்கிறதா என்று சோதித்து வாங்குங்கள். பொம்மென்று எல்லாவற்றையும் மூடிக்கொள்கிற பேஸ் வேண்டாம்.

குரலே இல்லாத இடத்தில் தொடங்குங்கள்

அக்கா மகனை வெளியே வரவைத்த பாட்டு 'ஒய் ஒய் ஜெட்'. 1981-இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தில் மூன்றாவது. வெறும் வாத்தியம், நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குரலைப் பற்றிப் புகார் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஒய் ஒய் ஜெட் என்பது டொரன்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்று எழுத்துகளையும் பழைய தந்திக் குறியீடான மோர்ஸ் ஒலியாக விமான ரேடியோவில் கேட்டவர்கள், அதையே தாளமாக்கிவிட்டார்கள். மோர்ஸில் நீளமான கோடு உண்டு, குட்டையான புள்ளி உண்டு. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. கோட்டை நெடிலாகவும் புள்ளியைக் குறிலாகவும் வைத்துச் சொல்லிப் பாருங்கள்:

தா த தா தா, தா த தா தா, தா தா த த.

ஏழு, ஏழு, ஆறு. மொத்தம் இருபது மாத்திரை. நெடில் ஒன்றுக்கு ஓர் எண்ணிக்கை என்று வைத்தால் பத்து வரும். ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு இரண்டு சுற்று. பையன் தொடையில் தட்டியது அதைத்தான். பாட்டு மணியோசை மாதிரி இந்தத் தாளத்தோடுதான் தொடங்கும், பிறகு பேஸும் கிதாரும் அதே தாளத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை கேட்கும்போது வேறெதையும் கவனிக்க வேண்டாம். வாய்விட்டு "தா த தா தா" என்று கூடவே சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். தொடக்கம் முடிந்ததும் எண்ணிக்கை மாறிவிடும். அங்கே விட்டுவிட்டுச் சும்மா கேளுங்கள்.

ஒரு இடைச்செருகல். நம் மீனம்பாக்கத்தின் குறியீடு எம் ஏ ஏ. அதை இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன்: தா தா, த தா, த தா. நாலும் மூன்றும் மூன்றும் பத்து. டொரன்டோவில் சரியாகப் பாதி! இரண்டு முறை சொன்னால் அவர்களுடைய தாளத்துக்குள் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க நான் அதையே தட்டிக்கொண்டிருந்தேன்.

பறக்கும் ரயிலில் ஒரு பக்கம்

மூன்று நான்கு நாட்கள் அதையே கேட்ட பிறகு, அதே ஆல்பத்தின் முதல் பக்கத்தை வரிசையாகக் கேளுங்கள். நான்கு பாட்டுகள், இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நான் கேட்டது வேளச்சேரியிலிருந்து திருமயிலை போகும் பறக்கும் ரயிலில். இடையில் போனை நோண்டாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், இறங்குகிற நேரத்துக்குப் பக்கம் தானாக முடிந்துவிடும். ஆபீஸ் போகிற நெரிசலில் வேண்டாம். மதியம் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குப் பெட்டி காலியாக இருக்கும்.

முதலாவது 'டாம் சாயர்'. நாலு எண்ணிக்கையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் குரல் ஓய்ந்து கீபோர்டு ஒரு சிறு வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும்போது ஏழுக்கு மாறும். பிடிபடவில்லை என்றால் கவலை வேண்டாம், எனக்கும் பத்தாவது தடவைதான் பிடிபட்டது. இரண்டாவது ஒரு கதை: கார்களைச் சட்டம் ஒடுக்கிவிட்ட எதிர்காலத்தில், மாமாவின் பண்ணையில் ஒளித்து வைத்திருக்கும் பழைய சிவப்புக் காரை ஒரு பையன் ஓட்டிப் பார்க்கிறான். மூன்றாவது நமக்குத் தெரிந்ததுதான். நான்காவது 'லைம்லைட்', புகழைக் கண்டு கூசுகிற ஒருவர் எழுதியது. இதை எண்ண முயலாதீர்கள். ஏழு, ஆறு, நாலு, மூன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். கந்தன்சாவடி சிக்னலில் ஆட்டோக்காரர் போகிற மாதிரி. லைஃப்சனின் கிதார் தனியாக வரும் இடத்தில் மட்டும் காதைக் கொடுங்கள். வித்தையே இல்லாமல், நீட்டி நீட்டி அழுகிற கிதார். என் மூன்றாவது புகார் செத்தது அங்கேதான்.

அட்டைப் படத்தையும் பார்த்துவிடுங்கள். மூவிங் பிக்சர்ஸ் என்றால் திரைப்படம். ஆட்கள் படங்களைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்கள். அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்து அழுகிறவர்களும் ஓரத்தில் நிற்கிறார்கள். ஒரே சொல்லில் மூன்று பொருள். காளமேகப் புலவர் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

மனைப்பிரிவு

அடுத்தது 1982-இல் வந்த 'சிக்னல்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு, 'சப்டிவிஷன்ஸ்'. தலைப்பின் அர்த்தம் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: மனைப்பிரிவு. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் முழுப்பக்கம் வருமே, சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது, பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம் என்று, அதேதான். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி தெருக்கள், அங்கே வளர்கிற பையன் கூட்டத்தோடு ஒத்துப் போகாவிட்டால் ஒதுக்கப்படுகிறான். மேடவாக்கத்துக்கு அப்பால், கோடு போட்டு நட்ட கல்லுக்கு நடுவே முதல் வீடாகக் கட்டிக் குடிபோன குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டு உடனே புரியும்.

கீபோர்டு வரி ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. தகிட தகதிமி என்று மிஸ்ர சாபு போட்டுக்கொண்டே போகலாம். அவர்கள் ஏழை எங்கே பிரிக்கிறார்கள் என்று அலட்டிக்கொள்ள வேண்டாம், ஏழுக்கு ஒருமுறை முதல் தட்டு சரியாக விழுந்தால் போதும். பிறகு பள்ளிக்கூட வராந்தாவைப் பற்றிப் பாட வரும்போது நாலுக்கு இறங்கும். ஏழில் கொஞ்சம் நொண்டிக்கொண்டிருந்த நடை, எல்லாரும் ஒரே மாதிரி நடக்கிற இடத்தைச் சொல்லும்போது நேராகிவிடுகிறது. அவர்கள் நினைத்துத்தான் செய்தார்களா, எனக்குத்தான் அப்படிப் படுகிறதா, எப்படியிருந்தாலும் எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் அது.

சரி, அந்தக் குரல்

இதற்கு மேல் குரலைத் தள்ளிப்போட முடியாது. எழுபதுகளில் கெடி லீ பாடியது மிக உச்சத்தில். எண்பதுகளில் அவரே கொஞ்சம் இறங்கிவிட்டார். அதனால்தான் 1980-களின் ஆல்பங்களில் தொடங்கச் சொன்னேன்.

நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் வெறியர் என் தாத்தா. கிட்டப்பா 1933-இல், இருபத்தேழு வயதில் இறந்தவர். தாத்தா கடைசிவரை அந்தப் பழைய இசைத்தட்டுகளைப் பற்றியே பேசுவார். பிற்காலத்தில் அவை கேசட்டில் வந்தபோது வீட்டில் தினமும் ஒலிக்கும். அதுவும் வானத்தைத் தொடுகிற ஆண் குரல்தான். சிறுவனாக இருந்தபோது அதையும் நான் "கீச்சுக் குரல்" என்றுதான் சொன்னேன். தாத்தா கோபித்துக்கொள்ளவில்லை. "மைக் இல்லாத காலம்டா, கடைசி பெஞ்சுக்குக் கேட்கணும்" என்றார்.

லீயிடம் மைக் இருந்தது, உண்மைதான். ஆனால் எதிரே இருந்தவை என்னென்ன என்று யோசியுங்கள்: கீழே அவருடைய பேஸ், நடுவில் கிதார், சுற்றிலும் பியர்டின் டிரம்ஸ். காலியாக இருந்த இடம் மேலே மட்டும்தான். குரல் அங்கே போய் உட்கார்ந்தது. இப்படிக் கேட்கத் தொடங்கியதும் கத்தலாகக் கேட்பது நின்று, நாலாவது வாத்தியமாகக் கேட்கத் தொடங்கியது. உங்களுக்கு அப்படி ஆகவில்லை என்றால், கிட்டப்பாவை ஒரு நாள், லீயை ஒரு நாள் என்று மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வாத்தியப் பாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

இன்னொன்று: அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. லீயின் தாயும் தந்தையும் நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிர்பிழைத்து கனடா வந்த போலந்து நாட்டு யூதர்கள். கெடி என்ற பெயரே, அம்மா கேரி என்பதை உச்சரித்த விதம். அம்மா கூப்பிட்டதையே பெயராக வைத்துக்கொண்டார்.

தனி வரும்போது கேன்டீனுக்குப் போகாதீர்கள்

சபாவில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனியாவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்து ரவா தோசை சாப்பிடப் போகும் பாவத்தை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். பியர்டின் தனியைக் கேட்கும்போது அதைச் செய்யாதீர்கள். 2002 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் நடந்த கச்சேரி 'ரஷ் இன் ரியோ' என்று காணொளியாக வந்திருக்கிறது. அதில் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, தனி. இரண்டு, வரியே இல்லாத ஒய் ஒய் ஜெட்டை மைதானமே வாயால் பாடிக் குதிப்பது. மூன்று, லீக்குப் பின்னால் மேடையில் நிற்கும் துணி உலர்த்தும் இயந்திரங்கள். பேஸுக்குப் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் தேவைப்படாமல் போனதால் காலியாகக் கிடந்த இடத்தை அவற்றால் நிரப்பிவிட்டார்! இவர்களைச் சிரிக்கத் தெரியாத சிடுமூஞ்சிகள் என்று நினைத்திருந்தேன். 2013-இல் அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது லைஃப்சன் ஏற்புரையாக "ப்ளா ப்ளா ப்ளா" என்பதை மட்டுமே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிட்டு இறங்கினார்.

பியர்டைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, 1994 வாக்கில், நாற்பது வயதுக்கு மேல், அவர் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். குச்சியைப் பிடிக்கும் விதத்திலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். நான் விடுதியில் அவர் கேசட்டை அழித்துக்கொண்டிருந்த அதே சமயம்.

பொறுத்துக் கேட்க வேண்டியவை

'2112' என்ற அந்த இருபது நிமிடப் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1976-இல் வந்தது, அதன் பின்னால், தனிமனிதனையே எல்லாவற்றுக்கும் மேலாக வைத்த அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டின் தாக்கம் உண்டு. அந்தச் சிந்தனை எனக்கு ஒத்துவராது, பியர்டே பிற்காலத்தில் அதிலிருந்து விலகி வந்துவிட்டார். எண்பதுகளின் பிற்பாதியில் கீபோர்டு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதில் இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். 1997-இல் பியர்டுக்கு அப்போது ஒரே பிள்ளையாக இருந்த மகள் விபத்தில் இறந்தாள், பத்தே மாதங்களில் மனைவியும் போய்ச் சேர்ந்தார். மனிதர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அலைந்தார். திரும்பி வந்து 2002-இல் வாசித்த ஆல்பம் 'வேப்பர் டிரெயில்ஸ்'. அதை வாங்கும்போது மட்டும் கவனம்: முதல் பதிப்பின் ஒலிக்கலவை காதைக் குத்தும். 2013-இல் புதிதாகக் கலந்து வெளியிட்டதைத் தேடிக் கேளுங்கள்.

லீயும் லைஃப்சனும் ஜெர்மனியைச் சேர்ந்த டிரம்மர் அனிகா நிலெஸுடன் 2026-இல் மீண்டும் மேடையேறப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். சென்னைக்கு வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசி வேலை, பரணில்

வீட்டில் பழைய கேசட்டுகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பழைய டேப் ரெக்கார்டரில் பெரும்பாலும் போயிருப்பது உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்தான்; மாற்றிக் கொடுப்பவர்கள் ரிச்சி தெருப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வெகுநாள் கிடந்த டேப்பை நேராகப் போடாமல், ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் போடுங்கள்.

போன வருடம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது, செல்லோடேப் மஞ்சளாகிப் போய். போட்டேன். சினிமாப் பாட்டுகள் வரிசையாக ஓடின. அன்றைக்குக் கடைசிப் பாட்டு முடிந்ததும் நான் பதிவை நிறுத்தியிருக்கிறேன். பக்கம் முடிய இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. டூயட் முடிந்து ஒரு சின்ன 'டப்' சத்தம். உடனே டிரம்ஸும் கிதாரும் இடித்துக்கொண்டு வந்தன. 2112-இன் கடைசிக் கட்டம். சூரியக் கூட்டமைப்பின் எல்லாக் கிரகங்களுக்கும் ஒரு இயந்திரக் குரல், கட்டுப்பாட்டைத் தாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டதாக, திரும்பத் திரும்ப அறிவித்தது.

அதை அப்படியே போனில் பதிவு செய்து திருச்சிக்காரனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "டேப் சிக்கிக்கிச்சுன்னு சொன்னியேடா?"